நின்றுபோன பீரில் என்சைம் போடலாமா?

கேள்வி: இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறேன். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியின் கெட்டிச் சாறு) டின் வாங்கி வீட்டிலேயே 20 லிட்டர் பீர் போட்டேன். ஆரம்ப அடர்த்தி 1.050. பத்து நாள் கழித்து ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் 1.024-லேயே நிற்கிறது. ஆன்லைனில் பொருள் விற்பவர் “அமைலேஸ் பவுடர் ஒரு ஸ்பூன் போடுங்கள், இறங்கிவிடும்” என்று ஒரு பாக்கெட் அனுப்பியிருக்கிறார். போடலாமா? உடம்புக்குக் கெடுதலா?

பதில்: அமைலேஸ் என்பது மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும் என்சைம். அது உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனாலும் போடாதீர்கள். உங்கள் பீர் நிற்கவில்லை, புளித்து முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற அடர்த்தி எண் இறங்கும். ஆனால் ரிஃப்ராக்டோமீட்டர் வெறும் சர்க்கரைக் கரைசலை அளப்பதற்கானது. ஆல்கஹால் சேர்ந்துவிட்டால் கூட்டித்தான் காட்டும். 1.050-ல் தொடங்கிய பீர் 1.011 வரை இறங்கி முடிந்த பிறகும் அதில் 1.024 என்றே தெரியும். நீங்கள் எழுதியிருப்பதும் அதே எண். முதலில் ஒரு ஹைட்ரோமீட்டர் (பீரில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி) வாங்கி அளந்து பாருங்கள். பவுடரை விற்றவர் “எந்தக் கருவியில் பார்த்தீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கவலையே வந்திருக்காது. கேட்டால் பவுடர் விற்காது, அதனால் கேட்கமாட்டார்கள்.

ஹைட்ரோமீட்டரிலும் 1.020 என்று வந்தால்? ஒரு டம்ளர் பீரைத் தனியே எடுத்து, அதில் புது ஈஸ்ட் தாராளமாகப் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். அந்த டம்ளரில் அடர்த்தி இறங்கினால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது, ஈஸ்ட்தான் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லாத அறையில் வைத்தால் இப்படி ஆகும். பாத்திரத்தை 20 டிகிரி அறைக்கு மாற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்பும்படி மெல்ல ஆட்டிவிடுங்கள். டம்ளரிலும் இறங்கவில்லையா? மிச்சம் இருப்பது ஈஸ்ட் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின், அதாவது முழுதாக உடையாத மாவுச்சத்துத் துண்டுகள். எக்ஸ்ட்ராக்ட் பீர் 1.018, 1.020-ல் நிற்பது சகஜம். அதை அப்படியே குடிக்கலாம்.

என்சைம் வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பாக்கெட்டில் எந்த என்சைம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. ‘அமைலேஸ்’ என்று மட்டும் போட்டு விற்கிறார்கள். ஆல்ஃபா அமைலேஸா, குளுக்கோஅமைலேஸா? வீரியம் எவ்வளவு? எப்போது தயாரித்தது? சாராய ஆலைக்கு மூட்டையாக வருவதைப் பிரித்து ஜிப் கவரில் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். குளுக்கோஅமைலேஸாக இருந்தால் டெக்ஸ்ட்ரினை நுனியிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாக வெட்டிக்கொண்டே போகும். பீர் 1.000-க்கும் கீழே போய்விடும், ஆல்கஹால் இப்போது இருப்பதைவிட இன்னும் இரண்டரை சதவீதம் வரை கூடும், வாயில் தண்ணீர் மாதிரி இருக்கும். கொதிக்கவைத்தால்தான் அது நிற்கும். கொதிக்கவைத்த பீர், பீராக இருக்காது.

பயப்பட வேண்டியது பாட்டிலைப் பற்றித்தான். அடைத்த பிறகு அடர்த்தி 0.001 இறங்கினால், பீரின் கொள்ளளவில் பாதியளவு கரியமில வாயு கூடுதலாகச் சேரும். சாதாரண பீரில் இருப்பதே கொள்ளளவைப் போல இரண்டரை மடங்குதான். 1.010-ல் அவசரப்பட்டு அடைத்த பீர் உள்ளே 1.000 வரை போனால் கொள்ளளவைப் போல இன்னும் ஐந்து மடங்கு சேரும். கண்ணாடி வெடிக்கும், கண் போகும். பாக்கெட்டில் இந்த எச்சரிக்கையை ஏன் கட்டாயமாக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இந்த நாட்டுச் சட்டமே அப்படி. 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் கடை பீரில்கூட என்னென்ன சேர்த்தார்கள் என்று பட்டியல் போட வேண்டியதில்லை. பார்லி போன்ற ஒவ்வாமைப் பொருளைச் சொன்னால் போதும்.

ஒரே ஒரு இடத்தில் என்சைம் அவசியம். செலியாக் நோய் (பார்லி, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத நோய்) உள்ளவருக்காகப் பார்லியே இல்லாமல் அரிசியிலோ சோளத்திலோ பீர் போடும்போது. இந்தத் தானியங்களில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் சொந்த என்சைம் போதாது. அவற்றின் மாவு குழைவதற்கே 70 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதனால் முதலில் கஞ்சியாக நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அப்புறம் 65 டிகிரிக்கு ஆறவைத்து, வகையும் வீரியமும் அச்சிட்ட என்சைமைப் போட்டு ஒரு மணி நேரமாவது மூடிவைக்க வேண்டும். ஒரு சொட்டில் அயோடின் விட்டுப் பாருங்கள், கருநீலமானால் மாவு மிச்சம் இருக்கிறது, இன்னும் பொறுக்க வேண்டும். கடைசியில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கும்போது என்சைம் செத்துவிடும். புளிக்கும் பாத்திரத்துக்குள் அது போகவே போகாது. பார்லி பீரில் குளூட்டனை வெட்டும் என்சைமைப் போட்டு “செலியாக் உள்ளவர்களும் குடிக்கலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் அதைச் சோதித்து உறுதிசெய்ய வழியில்லை.

உங்கள் பீருக்கு வருவோம். ஹைட்ரோமீட்டரில் மூன்று நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை பாருங்கள். எண் மாறவில்லை என்றால், டம்ளர் சோதனையிலும் இறங்கவில்லை என்றால், பாட்டிலில் அடைக்கலாம். பாக்கெட்டைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள்.