மனசு சரியில்லாத நேரத்தில் புத்தகம் படிப்பது உண்மையிலேயே உதவுமா? உங்கள் அனுபவம் என்ன?

எனக்கு உதவியது. ஆறுதல் தேடித்தான் படிக்கப் போனேன், அது பெரிதாகக் கிடைக்கவில்லை. எந்தப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டித் தாண்டிப் போகிறேன் என்பது ஒருநாள் பிடிபட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

முத்துப்பேட்டைக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் எங்கள் கிராமம். அப்பாவுக்குக் கொஞ்சம் சம்பா நிலம், ஒன்றேகால் ஏக்கர் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 15, ராத்திரி பதினொரு மணி வாக்கில் அப்பாவிடமிருந்து போன் வந்தது. நான் சென்னையில், மறுநாள் காலை ஆறு மணி ஷிப்ட்.

"காத்து ஒரு மாதிரியா இருக்கு பாப்பா."

"கதவைச் சாத்திட்டுப் படுங்கப்பா. காலைல பேசறேன்."

வைத்துவிட்டேன். நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா புயல் கரையேறியது. காலையில் டவர் இல்லை. அவர் குரலை மறுபடி கேட்க ஆறு நாள் ஆனது. வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. தோப்பில் 83 மரத்தில் 9 மரம்தான் நின்றது.

எங்கள் பக்கம் தென்னங்கன்று என்று யாரும் சொல்வதில்லை, தென்னம்பிள்ளை என்போம். நாட்டு ரகமாக இருந்தால் வைத்து ஆறேழு வருஷம் கழித்துத்தான் பாளை விடும். "அறுபத்தஞ்சு வயசுக்கு மேல புள்ள வச்சு நான் எப்ப காய் வெட்றது" என்று அப்பா தோப்புப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். அந்த ராத்திரி போனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. 2021இல் மாரடைப்பு. போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. குக்கர் விசில் அடித்தால் எரிச்சல், துக்கம் கேட்க வருகிறவர்கள் நல்லபடியாகப் பேசினால் எரிச்சல். அப்போது வீட்டிலிருந்தே வேலை என்பதால் அம்மாவோடு ஊரிலேயே தங்கியிருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு தூக்கம் போச்சு. சித்தப்பா மகன் ஒரு தன்னம்பிக்கைப் புத்தகம் கொடுத்தான். விடியற்காலை எழுந்து கண்ணாடியைப் பார்த்து நல்ல வார்த்தை நாலு சொல்லிக்கொள்ளச் சொன்னது அது. இரண்டு மணியிலிருந்து முழித்துக்கொண்டு கிடப்பவளிடம் சீக்கிரம் எழுந்திரு என்றால் என்ன செய்வது? அந்த மாதிரிப் புத்தகங்கள் சிலருக்குக் கைகொடுக்கலாம், நான் மறுக்கவில்லை. எனக்கு அது இன்னொரு ஆள் வீட்டுக்கு வந்து புத்தி சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

கிளை நூலகத்துக்குப் போகத் தொடங்கியதற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை. அங்கே யாரும் துக்கம் கேட்க மாட்டார்கள். இரும்பு பீரோவில் கைக்குக் கிடைத்த பழைய நாவல் ஒன்றை எடுத்துவந்தேன். கீழ் ஓரம் முழுக்கத் தண்ணீர்க் கறை, தாள் உப்பிப்போய் அப்பளம் மாதிரி நொறுநொறு என்றிருந்தது. பின்னட்டைச் சீட்டில் கடைசி முத்திரை 2018 அக்டோபர். அதுவும் புயல் பார்த்த புத்தகம்தான். பெயர் சொல்லப்போவதில்லை. எனக்கு வேலை செய்தது என்று நீங்கள் தேடி எடுத்து ஏமாறக்கூடாது.

அதில் ஒரு அப்பா, மகன் வருவான் என்று தினமும் சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நிற்பார். ஏழு பக்கம் வரும். அந்த இடம் வந்தாலே 'வர்ணனை ஜாஸ்தி' என்று புரட்டிவிடுவேன். மிச்சக் கதையை மறுபடி மறுபடி படித்தேன், இந்த ஏழு பக்கத்தை மட்டும் தொடவில்லை. மூன்றாவது முறை புதுப்பிக்கப் போனபோது நூலகர், "ஏம்மா, இருநூறு பக்கத்துக்கு ஒன்றரை மாசமா? அப்படி என்ன இருக்கு அதுல?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தவளுக்கு அந்த ஏழு பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். கடைசி பஸ்ஸும் போகிறது. அந்த மனுஷன் நடத்துனரிடம், "நாளைக்கு முதல் வண்டி எத்தன மணிக்கு?" என்று கேட்கிறார். முப்பது வருஷமாக அதே நேரத்துக்கு ஓடுகிற வண்டி. அவருக்குத் தெரியாதா?

அங்கேதான் நின்றேன். என் அப்பா 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்ட புயலையே பார்த்தவர். காற்றைப் பற்றி என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு என்ன இருக்கிறது? பயந்திருக்கிறார். பேச ஒரு குரல் வேண்டியிருந்திருக்கிறது. அதுவரை என் கோபமெல்லாம் டவர் மேல், சொந்தக்காரர்கள் மேல், புயலுக்கு அப்புறம் முடங்கிப்போன அப்பா மேல்கூட என்று நினைத்திருந்தேன். 'காலைல பேசறேன்' என்ற இரண்டு வார்த்தை மேல்தான் அத்தனையும்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அடுப்படியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "உனக்கு மட்டுமா பண்ணாரு? உங்க அத்தைக்கும்தான் பண்ணாரு. அவ எடுக்கவே இல்ல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பின்னாலேயே அழுகையும். அப்பா போய் எட்டு மாதம் கழித்து.

இப்படிப் புத்தகம் படித்து மனதைத் தேற்றிக்கொள்வதற்கு 'பிப்லியோதெரபி' என்று பெயரே இருக்கிறது என்பது அப்புறம் தெரிந்தது. 1916இல் சாமுவேல் க்ரோதர்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு மாத இதழ்க் கட்டுரையில், பாதி கிண்டலாக, அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். இங்கிலாந்தில் 2013 முதல் மனநலத்துக்கென்று தேர்ந்தெடுத்த நூல்களை மருத்துவர்கள் பரிந்துரைக்க, நூலகத்தில் வாங்கிப் படிக்கும் திட்டம் நடக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் எனக்கு இந்தச் சங்கதியில் பெரிய ஆள் நம் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931இல் வந்த அவருடைய ஐந்து நூலக விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதே வருஷம் அக்டோபரில் மன்னார்குடியை ஒட்டிய மேலவாசலில் மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். வயல்காட்டு ஜனத்துக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்த வண்டியைத்தான் சொல்வேன்.

அந்த விதியோடு 'அதற்கான நேரம்' என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன். கும்பகோணம் எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' நாவலை அந்த நாட்களில் ஒரு தோழி கொடுத்தாள். காதுக்குள் விடாமல் குரல்கள் கேட்கிற மனிதனின் கதை, தன் சொந்த அவஸ்தையிலிருந்து அவர் எழுதியது, 1993இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. எட்டு பக்கத்தில் மூடிவிட்டேன், நெஞ்சு படபடத்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரே மூச்சில் படித்தேன். இப்படி மூடிவைப்பதும் நாவலில் நான் தாண்டிப் போனதும் ஒன்றல்ல. படபடப்பு வந்தால் மூடிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 'போர்' என்று புரட்டத் தோன்றினால் மட்டும் ஒருமுறை யோசியுங்கள்.

படித்த கையோடு கொஞ்சம் எழுதவும் செய்தேன், பழைய பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில். அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கர் 1986இல் மாணவர்களை நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை அறுக்கிற விஷயத்தை எழுதச் சொல்லிப் பார்த்தார். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகள் இவ்வளவு பெரிய பலன் காட்டவில்லை. எனக்கு அந்த முதல் பாதி நூற்றுக்கு நூறு சரி, எழுதின ராத்திரியெல்லாம் சோறு இறங்கவில்லை.

தூக்கம் மட்டும் புத்தகத்தால் திரும்பவில்லை. அதற்குத் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன், நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். ஒரே வரியைப் பத்து தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை என்றால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், புத்தகத்தை வைத்துவிட்டு 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மனஸ் எண், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அந்த நாவலை நாலாவது முறை புதுப்பிக்க நூலகர் விடவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். பஸ் நேரம் கேட்கிற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தேன். அழிக்க ரப்பரெல்லாம் எடுத்துவைத்து, கடைசியில் அழிக்காமலே கொடுத்தேன். கண்டுபிடித்து அபராதம் போட்டால் கட்டிக்கொள்ளலாம்.