மலேசிய மனைவி, எட்டு மாதக் குழந்தை: ஊர் திரும்ப எந்த விசா?

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் கும்பகோணத்துக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் இந்தியக் குடிமகன். மனைவி ஈப்போவில் பிறந்து வளர்ந்த மலேசியத் தமிழர், கணக்காளர். அங்கேயே கோயிலில் திருமணம் செய்து, ஜே.பி.என். (மலேசியத் தேசியப் பதிவுத் துறை) அலுவலகத்தில் பதிவு செய்து 19 மாதங்கள் ஆகின்றன. கோலாலம்பூரில் பிறந்த மகளுக்கு இப்போது எட்டு மாதம். மலேசியப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை. ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் குடும்பத்தோடு நிரந்தரமாகத் திரும்ப நினைக்கிறார். அவருடைய கேள்விகள் இவை: "சுற்றுலா விசாவில் கூட்டி வந்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் என் மச்சான். சரியா? குழந்தைக்கு உடனே மலேசிய பாஸ்போர்ட் எடுத்துவிடலாமா? கும்பகோணத்திலும் ஒருமுறை திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டுமா? மனைவி இங்கே வேலைக்குப் போக முடியுமா? அப்பா தன் நிலத்தை மருமகள் பெயருக்கு எழுதிவைக்க ஆசைப்படுகிறார், அது நடக்குமா?"

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் இரண்டாவதாகக் கேட்டிருப்பதுதான் அவசரமானது. அதை முதலில் பார்ப்போம். குழந்தைக்கு மலேசிய பாஸ்போர்ட் எடுக்கும் வேலையை இன்றே நிறுத்திவையுங்கள். எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை, யோசித்து முடிக்கும்வரை எடுக்காதீர்கள்.

காரணம் குடியுரிமைச் சட்டம், 1955-இன் 4-வது பிரிவு. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு, தந்தை இந்தியர் என்பதாலேயே இந்தியக் குடியுரிமை வந்துவிடாது. பிறந்த ஓராண்டுக்குள் அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். அப்போது, குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுத்தில் உறுதி தர வேண்டும். மலேசிய பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டால் அந்த உறுதியை உங்களால் தர முடியாது. ஓராண்டு கடந்த பிறகும் மத்திய அரசின் அனுமதியோடு பதியலாம், ஆனால் அது காத்திருப்பும் கடிதப் போக்குவரத்துமாக நீளும். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இந்த விதி தெரியாமல், ஊருக்கு ஒருமுறை வந்துபோக அவசரமாகக் குழந்தைக்கு வெளிநாட்டு பாஸ்போர்ட் எடுத்துவிட்டு, பிறகு என்னிடம் வந்த பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்தது குற்றமில்லை. ஆனால் திறந்திருந்த ஒரு கதவை அவர்கள் கையாலேயே மூடிவிட்டார்கள்.

இரண்டு வழியிலும் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். இந்தியக் குடிமகளாகப் பதிந்தால் மகளுக்கு இந்திய பாஸ்போர்ட் கிடைக்கும், இங்கே வாழ விசா என்ற பேச்சே இல்லை. இப்படிப் பதிந்த பிறகும் மலேசியக் குடியுரிமையும் அவளிடம் இருக்கிறது என்றால், 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்க வேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். மாறாக மலேசியக் குடிமகளாகவே வைத்திருந்தால், பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகன் என்பதால் அவளுக்கு ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வேர் அல்லது உறவு உள்ள வெளிநாட்டவர் இங்கே நீண்ட காலம் வாழ உதவும் 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்' அட்டை) வாங்கலாம். குழந்தைக்கு இதில் காத்திருப்புக் காலம் கிடையாது. வாழ்வதற்கும் படிப்பதற்கும் அது போதும்.

இதில் என் கருத்து: நிரந்தரமாகத் திரும்புவது உறுதி என்றால் இந்தியக் குடியுரிமைதான் எளிது. ஆனால் உங்கள் கடிதத்தில் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. தான் பிறந்த நாட்டோடு மகளுக்கும் உறவு இருக்க வேண்டும் என்று அவர் விரும்பலாம். பதிவுக்கு இருவரும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். இன்று இரவே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்காத நாடு. ஆகவே அங்கே பிறந்த குழந்தையை இந்திய பாஸ்போர்ட்டில் வெளியே அழைத்து வருவது பற்றி அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, மனைவியின் விஷயத்துக்கு வருவோம். உங்கள் மச்சான் சொல்வது போல, இங்கே வந்த பிறகு விசாவை மாற்ற வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தியரை மணந்தவர்களுக்கு எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் விசாவை மாற்றிக் கொடுப்பது உண்டு. ஆனால் அது உரிமை அல்ல, அதிகாரிகளின் முடிவைப் பொறுத்தது. கைக்குழந்தையோடு, விசா முடியும் தேதியை எண்ணிக்கொண்டு அந்த முடிவுக்குக் காத்திருக்கும் நிலையை நீங்களாக உருவாக்கிக்கொள்ள வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. சுற்றுலா விசாவில் இருப்பவர் இந்தியாவுக்குள்ளிருந்து ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பிக்க முடியாது.

இந்தியக் குடிமகனின் கணவர், மனைவி, பிள்ளைகளுக்கென்றே உள்ளது என்ட்ரி விசா, பேச்சு வழக்கில் எக்ஸ் விசா. ஐந்தாண்டு வரை கொடுக்கலாம், இங்கே இருந்துகொண்டே நீட்டிக்கவும் முடியும். கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் அதற்கு விண்ணப்பியுங்கள். திருமணச் சான்றிதழ் மலாய் மொழியில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். விஸ்மா புத்ராவில் (மலேசிய வெளியுறவு அமைச்சகம்) சான்றொப்பம் வாங்கி, பிறகு இந்தியத் தூதரகத்திலும் வாங்கிவிடுங்கள். இங்கே வந்த பிறகு அந்த ஒரு முத்திரைக்காகத் திரும்ப அலைவது மிகவும் சிரமம்.

கும்பகோணத்தில் மறுபடியும் திருமணப் பதிவு வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் இந்த மாநிலத்தில் நடக்கும் திருமணங்களுக்கானது. உங்கள் திருமணம் மலேசியாவில் நடந்து, அங்கேயே முறையாகப் பதிவாகிவிட்டது. ஒரே தம்பதிக்கு இரண்டு தேதியில் இரண்டு சான்றிதழ் இருந்தால், எது உண்மை என்ற கேள்வியை நீங்களே எழுப்பிக் கொடுத்ததாக ஆகும்.

அடுத்தது ஓ.சி.ஐ. கணவர் இந்தியர் என்ற அடிப்படையில் கேட்டால், பதிவு செய்த திருமணம் இரண்டாண்டு தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகும் பாதுகாப்பு விசாரணை முடிந்தால்தான் அட்டை வரும். இந்த வழியில் ஒரு பலவீனம் உண்டு, சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டியது என் கடமை. அந்த அட்டை உங்கள் திருமணத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். நீதிமன்றம் திருமணத்தை ரத்து செய்தால் அட்டையையும் ரத்து செய்யலாம். மனைவி ஒவ்வொரு முறை புது பாஸ்போர்ட் எடுக்கும்போதும், திருமணம் தொடர்கிறது என்ற உறுதிமொழியை இணையத்தில் ஏற்ற வேண்டும்.

அதனால்தான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் மனைவியின் தாத்தா, பாட்டி எந்த ஊர்?

ஈப்போ தமிழர் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். தோட்டத்திலோ ரயில்வேயிலோ வேலைக்காகக் கப்பலேறியவர்கள் அவர் குடும்பத்தில் இருக்கலாம். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்த ஒருவருடைய பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை ஓ.சி.ஐ. கேட்கலாம். அன்று மலாயாவிலேயே வசித்திருந்தாலும், அவரோ அவருடைய பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்தவர் என்றால் அந்தத் தகுதி அவருக்கு இருந்தது. இந்த வழியில் வாங்கும் அட்டைக்கு இரண்டாண்டு காத்திருப்பு இல்லை. அது உங்கள் மனைவிக்கு அவருடைய முன்னோர் வழியாக வருவது, உங்கள் வழியாக அல்ல. திருமணத்துக்கு எது நேர்ந்தாலும் அது அவரிடமே இருக்கும். கணவனாக நீங்களும் இதைத்தான் விரும்ப வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சிக்கல் ஆதாரத்தில்தான். மனைவியின் பிறப்புச் சான்றிதழ், அவர் தந்தை அல்லது தாயின் பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் ஆவணம் என்று சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். மாமனார் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய பாஸ்போர்ட் இருந்தால் மிகவும் நல்லது. பிறந்த நாடு இந்தியா என்று காட்டும் எதுவும், தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை (மலேசியக் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கானது) உட்பட, உதவக்கூடும். இங்கே சொந்த கிராமம் தெரிந்தால் பள்ளிச் சான்று, பிறப்புப் பதிவேட்டு நகல் என்று தேடலாம். பெயர்தான் அதிகம் தொல்லை கொடுக்கும். முத்துசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். மலேசியத் தாள்களில் 'ஏ/எல்' (இன்னாரின் மகன்), 'ஏ/பி' (இன்னாரின் மகள்) என்று நடுவில் வரும், நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் வேறொரு கட்டத்தில் நிற்கும். எல்லாம் ஒரே நபரைக் குறிப்பவை என்று ஒரு பிரமாணப் பத்திரம் இப்போதே தயார் செய்யுங்கள். எதுவும் கிடைக்கவில்லையென்றால் ஐந்து மாதம் கழித்து மனைவி என்ற வழி இருக்கவே இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் இந்தியாவில் விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். எக்ஸ் விசாவை மட்டும் வைத்துக்கொண்டு வேலையில் சேரக் கூடாது, எஃப்.ஆர்.ஆர்.ஓ. அனுமதி வேண்டும். ஓ.சி.ஐ. வந்துவிட்டால் கணக்காளராகத் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கத் தடையில்லை. அரசு வேலையும் வாக்குரிமையும் கிடையாது. பெயரில் 'குடிமக்கள்' என்ற சொல் இருந்தாலும் அது குடியுரிமை அல்ல, ஆகவே அவருடைய மலேசியக் குடியுரிமையை விட வேண்டியதில்லை.

நிலம்: அப்பா சொல்வது வயல் என்றால் செட்டில்மென்ட் எழுத வேண்டாம். ஓ.சி.ஐ. அட்டைதாரர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. வாரிசுரிமையில் வருவதற்குத் தடையில்லை. வீடு, மனை என்றால் பிரச்சினையே இல்லை. அப்பாவின் மனநிறைவுக்காக இப்போதே எழுத வேண்டுமென்றால் உங்கள் பெயருக்கு எழுதச் சொல்லுங்கள். மகள் இந்தியக் குடிமகளாகப் பதிவானால் பேத்தியின் பெயருக்கும் எழுதலாம்.

வந்து இறங்கியதும் இரண்டு வேலை. உங்கள் சொந்த வீடாக இருந்தாலும், வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள், முன்பு 'படிவம் சி' எனப்பட்ட படிவத்தின் மூலம் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். விசாவில் 14 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று அச்சிட்டிருந்தால் அதையும் இணையத்திலேயே முடித்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பழைய வெளிநாட்டவர் சட்டங்களுக்குப் பதிலாகக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 நடைமுறையில் இருக்கிறது. பழைய கதைகளை நம்பி அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

இதெல்லாம் முடிவதற்குள் அப்பாவின் உடல்நிலை மோசமானால் விசா வகையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நீங்கள் உடனே கிளம்புங்கள். மனைவிக்கு மின் சுற்றுலா விசா எடுத்து, மாமனாரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகவே, திரும்பும் டிக்கெட்டோடு அவரும் வரட்டும். குழந்தையையும் தாத்தாவிடம் காட்ட வேண்டுமென்றால், தூதரகத்தில் பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதே அப்பாவின் மருத்துவச் சான்றையும் இணைத்து, இந்திய பாஸ்போர்ட்டை விரைவாகத் தரும்படி எழுதிக் கேளுங்கள்.