வைனில் அவித்த மட்டியும் சொசேஜும்: மண்ணும் உப்பும்

ஒரு கிலோ மட்டி, சொசேஜ், வைன், ஒரு தேக்கரண்டி உப்பு எல்லாத்தையும் ஒன்றாய்ப் போட்டு 15 நிமிடம் அவித்தபோது மண் கடித்தது, சதை றப்பர் மாதிரி, சாறு உப்புக் கரித்தது என்று கேட்டிருந்தீங்கள்.

உப்பில்லாத நல்ல தண்ணியில் ஊறவைத்தால் மட்டி மண்ணைக் கக்காது, செத்தும் போகும். லீட்டருக்கு 30-35 கிராம் உப்புக் கரைத்து, அகன்ற பாத்திரத்தில், இருட்டான குளிர்ந்த இடத்தில் 2 மணித்தியாலம் விடுங்கோ. பிறகு கையால் அள்ளி எடுங்கோ. தண்ணியோடு வடிதட்டில் கவிழ்த்தால் கக்கின மண் திரும்பவும் மேலேதான் விழும். தட்டியும் வாய் மூடாததை எறியுங்கோ.

200 கிராம் சொசேஜை முதலில் சிவக்கப் பொரியுங்கோ. அதே எண்ணெயில் சின்ன வெங்காயம், உள்ளி, செத்தல் மிளகாய் வதக்கி, 200 மி.லீ. வெள்ளை வைன் விட்டுப் பாதியாய் வற்றவிடுங்கோ (இனிப்பு வைன் சரிவராது, அலுமினியச் சட்டியும் வேண்டாம், புளிப்புக்கு உலோக வாடை வரும்). அதுக்குப் பிறகுதான் மட்டி. மூடி, பெருநெருப்பில் 4-6 நிமிடம். மட்டி வாய் திறக்கத் திறக்க எடுங்கோ.

உப்பு போடவே வேண்டாம். மட்டிக்குள் கடல்தண்ணி, சொசேஜிலும் உப்பு. கடைசியில் சாற்றைத் துணியில் வடித்து, கரித்தால் கொஞ்சம் சுடுதண்ணி விடுங்கோ. தொட்டுச் சாப்பிட றோஸ் பாண் திறம்.