உங்கள் மகள் முதலில் புள்ளியியல் படிக்கட்டும்

அன்புள்ள ஐயா,

குற்றத் தரவுகளை ஆராயும் வேலைக்குத்தான் போவேன் என்று ப்ளஸ் டூ முடித்த மகள் பிடிவாதமாக இருப்பதாகவும், பெண் பிள்ளை இரவெல்லாம் அலைய வேண்டியிருக்குமோ என்று வீட்டில் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த வேலையில் அலைச்சல் குறைவு, வாசிப்பு அதிகம். முதல் தகவல் அறிக்கைகளைப் படிக்க வேண்டும். எந்தத் தெரு, எந்த நேரம், எப்படித் தப்பினார்கள் என்று அடுக்கிப் பார்க்க வேண்டும். கண்டறிந்ததை ஓர் அதிகாரி ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்ளும்படி எழுதித் தர வேண்டும்.

சங்கிலிப் பறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில், சில மாநிலங்கள் தாமே செய்துகொண்ட திருத்தம் தவிர, பறிப்புக்கென்று தனிப் பிரிவு கிடையாது. திருட்டு என்றோ வழிப்பறி என்றோ வழக்குப் பதிவானது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்று 304-வது பிரிவு வந்துவிட்டது. இது தெரியாதவர் 2023, 2025 கணக்குகளை அருகருகே வைத்து, திருட்டு குறைந்துவிட்டது என்று எழுதிவிடக்கூடும். இன்னொன்றும் உண்டு. ஒரே வழக்கில் கொலையும் கொள்ளையும் இருந்தால், தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பெரிய குற்றமான கொலையை மட்டுமே எண்ணும். ஓர் எண் எப்படிப் பிறந்தது என்று கேட்கும் பழக்கம்தான் இந்தத் தொழிலின் உயிர். அதனால்தான் இளநிலையில் புள்ளியியல் என்கிறேன். குற்றவியலை முதுநிலையில் படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் அதற்கெனத் துறைகள் உள்ளன.

ஆறே மாதத்தில் குற்ற ஆய்வாளர் ஆக்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் தனியார் சான்றிதழ்களுக்குத் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. காவல்துறையின் சார்பு ஆய்வாளர் தேர்வானாலும் சரி, மத்திய உளவுத்துறையான ஐ.பி.யின் இரண்டாம் நிலை உதவி மத்தியப் புலனாய்வு அதிகாரித் தேர்வானாலும் சரி, அடிப்படைத் தகுதி பட்டப்படிப்புதான். முன்னதற்கு ஓட்டம், தாண்டுதல் உண்டு. காலையில் ஓடும் பழக்கம் இப்போதே தொடங்கட்டும். பின்னதற்குப் பொது வயது வரம்பு 18 முதல் 27. சீருடை இல்லை, ஆனால் இந்தியாவின் எந்த மூலைக்கும் மாற்றலாகலாம். அன்று என்ன வேலை செய்தாள் என்பதை உங்களிடம்கூடச் சொல்ல முடியாது. நீங்கள் மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டியது அதற்குத்தான்.

கல்லூரி திறப்பதற்குள் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலிருந்து ஒரே ஓர் அட்டவணையை எடுத்து, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். எழுதி முடித்ததும் அடுத்த அட்டவணையைத் தானாகத் தேடுகிறாளா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.