இரண்டு சம்பளமும் ஒரே தொழிலில். மந்தநிலை வந்தால் என்ன செய்வது?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சம்பளம் 48,000 ரூபாய். கணவர் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர், 32,000. வீட்டுக் கடன் தவணை 19,000, குடும்பச் செலவு 30,000, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. 12,000. வங்கியில் 70,000 ரூபாயும் மியூச்சுவல் ஃபண்டில் 4.6 லட்சமும் இருக்கின்றன. உலக மந்தநிலை வரப்போகிறது என்கிறார்கள். ஃபண்டை முழுவதும் விற்று நகை வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஃபண்டைவிட உங்கள் வீட்டு வருமானம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இரண்டு சம்பளமும் பனியன் தொழிலை நம்பியே வருகின்றன.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேலை போகும் பயம் வந்தால், மக்கள் முதலில் தள்ளிப்போடுவது புதுத் துணியைத்தான். கடைகளில் சரக்கு தேங்கும். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் ஷிப்மென்ட்டைத் தள்ளி வைக்கச் சொல்வார், விலையைக் குறைக்கச் சொல்வார், பணத்தை இழுத்தடிப்பார். இதெல்லாம் முதலில் உங்கள் மெயிலுக்குத்தான் வரும். அப்புறம் ஓவர்டைம் நிற்கும். கம்பெனிக்காகக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்யும் பவர்டேபிள் (தையல்), பிரிண்டிங், சாயப்பட்டறைகளில் வேலை குறையும். கம்பெனி தன் ஆபீஸ் ஆட்களில் கைவைப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அதனால் உங்களுக்கு முன்பே கணவரின் சம்பளம் அடிபடலாம்.

பங்குச் சந்தையும் விழும். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட மும்பை பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே இறங்கியது. 2010 நவம்பரில் மறுபடியும் 21,000-க்கு வந்தது. காத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ஆனால் காத்திருக்கக் கையில் காசு வேண்டுமே! 2009 தொடக்கத்தில் என்னிடம் வந்த ஒரு செக்கிங் சூப்பர்வைசர் ஃபண்டை விற்றது பயத்தால் அல்ல. மூன்று மாதம் சம்பளம் வராததால், மகளின் காலேஜ் ஃபீஸுக்காகப் பாதி விலைக்கு விற்றார். ஃபீஸ் கட்டிய ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். இன்றும் கண்ணில் நிற்கிறது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். தவணையும் செலவும் சேர்த்து மாதம் 49,000. வேறு வீடாக இருந்தால் ஆறு மாதக் கையிருப்பு போதும் என்பேன். உங்களுக்கு ஒன்பது மாதம் வேண்டும்: 4.41 லட்சம். ஃபண்டிலிருந்து 1.5 லட்சம் மட்டும் எடுத்து ஃபிக்சட் டெபாசிட்டில் போடுங்கள். எஸ்.ஐ.பி.யைப் பாதியாகக் குறைத்து, அந்த 6,000-ஐயும் எல்லாச் செலவும் போக மாதம் மிஞ்சும் 19,000-ஐயும் வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி.யில் போட்டால், இருக்கும் 70,000-ஐயும் சேர்த்து ஒன்பது மாதத்தில் அந்தத் தொகை சேர்ந்துவிடும். ஒன்று கவனித்தேன்: மாதம் 19,000 மிஞ்சுகிறவர் கணக்கில் 70,000 மட்டும் இருக்கிறது என்றால், பணம் எங்கோ கரைகிறது. இருவரும் உட்கார்ந்து மூன்று மாத பாஸ்புக்கைப் பாருங்கள். கையிருப்பு சேர்ந்ததும் எஸ்.ஐ.பி.யைப் பழையபடி 12,000 ஆக்கிவிடலாம்.

தங்கத்தில் தவறில்லை. ஆனால் நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் முதல் நாளே போய்விடும். அவசரத்துக்கு விற்கும்போது அது திரும்பி வராது.

குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு கம்பெனி பாலிசியில் மட்டும் இருந்தால், அது வேலையோடு சேர்ந்து போய்விடும். சொந்தமாக ஒன்றை இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.