மெட்ராஸ் டெரஸை இடிக்க வேண்டுமா?

கும்பகோணத்தில் தாத்தா கட்டிய வீடு, மெட்ராஸ் டெரஸ் (தேக்குக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய கூரை) ஒழுகுகிறது, இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்கிறார் மேஸ்திரி என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். தேக்குக் கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனைகளை முதலில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மாவு மாதிரி உள்ளே போனால்தான் கவலை. அப்போதும் முட்டுக் கொடுத்து அந்தக் கட்டையை மட்டும் மாற்றலாம். எங்கள் வீட்டில் 11-இல் 2 தான் போயிருந்தன. ஒழுகல் பெரும்பாலும் மேலே பதித்த தட்டையான ஓடுகளின் இணைப்புகள் வழியாகத்தான் வரும். அவற்றைச் சுரண்டிப் புதிதாகப் பூசி, தண்ணீர் தேங்காதபடி வாட்டம் சரிசெய்யுங்கள்.

அப்புறம், சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் பாளம் பாளமாக உரியும். புது சமையலறை, குளியலறை எல்லாம் பின்கட்டில் தனி அஸ்திவாரத்தில் கட்டுங்கள். முற்றத்தை ஷீட் போட்டு மூடிவிடாதீர்கள், வீடே அடுப்பாகிவிடும்.