பெரிய இலக்கும் வேண்டும், நம்மை நாமே வதைத்துக்கொள்ளவும் கூடாது: இரண்டும் சேர்ந்து நடக்குமா?

"நம்மிடமே கருணை காட்டினால் சோம்பேறியாகிவிட மாட்டோமா?" என்று பலரும் கேட்கிறார்கள். மாட்டோம். தமிழக அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்கு மூன்று வருடம் வீட்டில் உட்கார்ந்து படித்தவள் நான். என்னைச் சோம்பேறியாக்கியது நான் என்னையே திட்டிக்கொண்டதுதான்.

இந்தத் தேர்வுகளுக்குப் படித்தவர்களுக்குத் தெரியும், 6 முதல் 12 வரை பள்ளிப் புத்தகங்கள் மொத்தத்தையும் திரும்பத் திரும்பப் புரட்ட வேண்டும், 200 கேள்விக்கு 3 மணி நேரம். நான் ஒரு நோட்டு போட்டேன். இடப்பக்கம் அன்றைக்குப் படிக்க வேண்டியது, வலப்பக்கம் சிவப்பு மையில் பாக்கி. திங்கள் விட்டது செவ்வாயில் ஏறும், செவ்வாயில் முடியாதது புதனில் ஏறும், அத்தை மகள் கல்யாணத்துக்குப் போன மூன்று நாளும் சேர்ந்து ஏறி, ஒரு கட்டத்தில் பாக்கி மட்டும் 41 பாடம். காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, நோட்டைத் திறந்து அந்தச் சிவப்பைப் பார்ப்பேன், மூடிவிட்டு போனை எடுப்பேன், பத்தரை மணி ஆகிவிடும். அப்புறம் அதற்காக நாள் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நோட்டைப் பார்த்தார். "என்னடி இது, கந்துவட்டிக் கணக்கு மாதிரி இருக்கு" என்றார்.

அன்று இரவே அந்த 41-ஐயும் கோடு போட்டு அடித்தேன். நேற்று விட்டது இன்றைய கணக்கில் ஏறாது, அவ்வளவுதான் விதி. ரொம்ப அவசியமான பாடத்துக்கு மட்டும் ஞாயிறு மதியம். கை நடுங்கத்தான் செய்தது, எல்லாவற்றையும் கைவிடுகிறோமோ என்று. ஆனால் மறுநாள் ஐந்து மணிக்கு நோட்டைத் திறந்தபோது மூன்றே பாடம் இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானதைப் பிறகுதான் படித்தேன். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டிருக்கிறார்கள். எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை.

ஆனால் கருணை என்றால் கண்ணை மூடிக்கொள்வது இல்லை. மாதிரித் தேர்வில் 78 கேள்வி தப்பானால் 78-ஐயும் எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்: எது தெரியாமல் போனது, எது அவசரத்தில் போனது, எது நேரமில்லாமல் போனது என்று. வட்டத்தை நிரப்பி விடை குறிக்கும் நம் ஓஎம்ஆர் தாளில் 2020-லிருந்து ஐந்தாவதாக 'ஈ' (ஆங்கில E) வட்டம் இருக்கிறதே, விடை தெரியவில்லை என்பதற்கு. எந்தக் கேள்வியையும் வெறுமனே விடக்கூடாது, தெரியவில்லை என்றால் அதையும் நிரப்பிக் காட்ட வேண்டும். அதையே நோட்டுக்கும் எடுத்துக்கொண்டேன். படிக்காத நாளில் ஒரு 'ஈ' மட்டும். காரணம் எழுதுவதில்லை, திட்டுவதும் இல்லை, ஆனால் அந்த நாள் காலியாகவும் இருக்காது. ஒரே வாரத்தில் நான்கு 'ஈ' வந்தால் உடம்பிலோ வீட்டிலோ ஏதோ சரியில்லை என்று புரியும், போய் அதைக் கவனிப்பேன்.

இன்னொன்று, எதற்காக இந்த இலக்கு என்பது. அப்பா இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்காக நானும் அம்மாவும் ஓர் அலுவலகத்துக்கு ஐந்து முறை அலைந்தோம். ஐந்தாவது முறை அங்கிருந்த ஓர் அக்கா எங்களை உட்காரச் சொல்லி, எந்தத் தாள் குறைகிறது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அந்த அக்காவின் நாற்காலியில் நான் உட்கார வேண்டும், ஆசை அதுதான். நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதிய பிறகுதான், அறிவிப்பு வந்ததற்கெல்லாம் (வங்கி, ரயில்வே, எல்லாம்தான்) விண்ணப்பம் போட்டு அலைந்ததை நிறுத்தினேன்.

இப்போது குரூப் 4-ல் தேறி இளநிலை உதவியாளராக இருக்கிறேன். அதைவிட மேல்நிலைப் பதவிகளுக்கான குரூப் 2 கனவு அப்படியே இருக்கிறது, இரவு ஏழரை முதல் பத்து வரை அதற்கு. நேற்று வீடு வந்து சேரவே ஒன்பதரை ஆகிவிட்டது, 'ஈ' போட்டுவிட்டுப் படுத்தேன். இன்றைக்கு அரசியலமைப்பில் அடிப்படைக் கடமைகள், ஒரே பாடம்தான், ஏழே காலாகிறது, கிளம்புகிறேன்.